கோட்டுக்கு வெளியே நிற்பவர்

ஆக்லாந்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமை காலை என்றால் ஈரமான சாக்ஸ் என்று அர்த்தம். எட்டரை மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். இரவு பெய்த மழையில் புல் ஊறிக் கிடக்கும். இரண்டு அப்பாக்கள் சேர்ந்து சின்ன கோல் கம்பத்தைத் தூக்கி வைப்பார்கள். யாரோ ஓர் அம்மா இடைவேளையில் கொடுப்பதற்காக ஆரஞ்சுப் பழங்களை நான்காக நறுக்கி டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருப்பார். ஐந்து குளிர்காலமாக இந்த மைதானங்களின் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறேன். கழுத்தில் விசில், கையில் யார் எப்போது இறங்க வேண்டும் என்று எழுதிய தாள். பிள்ளைகள் என்னை ‘கோச்’ என்று கூப்பிடுகிறார்கள்.

கோச் ஆவதற்கு எனக்கு இருந்த தகுதி, மறுமொழி அனுப்பியது. மகனுக்கு ஏழு வயதானபோது கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது: பெற்றோரில் யாராவது ஒருவர் முன்வராவிட்டால் இந்த அணி இல்லை. பகலில் வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மென்பொருள் ஆலோசனை சொல்கிற வேலை எனக்கு. ‘யாராவது முன்வருகிறீர்களா’ என்று கேட்கப்படும் கூட்டங்களில் தலைகுனிந்து கொள்ளப் பழகியவன். அன்று மட்டும் ஏனோ தவறிவிட்டது. ஒரு மாலை நேர வகுப்பு, ஒரு பை நிறையப் பந்து, பத்து ஆரஞ்சு நிறக் கூம்புகள். நியூசிலாந்தில் சிறுவர் கால்பந்து பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆட்களின் தோளில்தான் நடக்கிறது.

கோச் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. நான் பெரம்பூர்க்காரன். அப்பா ஐசிஎஃபில் இருந்தார். 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்துவைத்த இன்டக்ரல் கோச் ஃபேக்டரி. எங்கள் வீட்டில் கோச் என்றால் ரயில் பெட்டி. பள்ளியில் முதன்முதலாக ஒருவர் ‘ஃபுட்பால் கோச்’ என்று சொல்லக் கேட்டபோது, கால்பந்துக்காரர்கள் போவதற்குத் தனிப்பெட்டி போலிருக்கிறது என்று நினைத்தேன். அது அப்படி ஒன்றும் முட்டாள்தனமான நினைப்பு இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஹங்கேரியில் கோச் என்றொரு ஊர். பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே செய்த நல்ல குதிரை வண்டிகளுக்கு ஐரோப்பா முழுக்க ஊர்ப்பெயரே பெயராயிற்று. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சை தாண்டி இழுத்துக்கொண்டு போகும் தனிவகுப்பு ஆசிரியரைக் கேலியாக அந்தச் சொல்லால் அழைத்தார்கள். அங்கிருந்து விளையாட்டுக்கு வந்தது. ஏற்றிக்கொண்டு போகிறவர். வழியில் இறக்கியும் விடக்கூடியவர்.

இதை எழுத வைத்தது போன செப்டம்பரில் நடந்த ஒன்று.

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அணி எங்களுடையது. அணிக்கு ஒன்பது பேர் ஆடும் ஆட்டம். பருவத்தின் கடைசியில், ஆக்லாந்துக்கு வெளியே இரண்டு நாள் போட்டி ஒன்றுக்குப் போனோம். அரையிறுதி. ஒன்றுக்கு ஒன்று. எங்கள் அணியில் ஒரு பையன், யாழ்ப்பாணக் குடும்பம். அணியிலேயே சிறியவன், பந்து காலில் இருக்கும்போது அழகானவன். எதிரணியில் இரண்டு பேர் என் தோள் உயரம் இருந்தார்கள். ‘அடுத்து நீதான், தயாராக இரு’ என்று இடைவேளையில் அவனிடம் சொன்னேன். அவன் எல்லைக்கோட்டருகே ஓடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருந்தான். நான் அவனை இறக்கவில்லை. ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று தள்ளித் தள்ளி ஆட்டம் முடிந்தது. நாங்கள் ஜெயித்தோம். இறுதிப் போட்டியில் தோற்றோம், அதிலும் அவனுக்குக் கடைசி நான்கு நிமிடம். அவனுடைய அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கூம்புகளைப் பொறுக்கிப் பையில் போட எனக்கு உதவினார். அந்த உதவிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்த ஆண்டுப் பதிவுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

சங்கடம் வந்தால் புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொள்வது என் வழக்கம். பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருகிற ஆள் என்று ஒருவர் எப்போது வந்தார், அவருடைய வேலை என்னவாக இருந்தது என்று இந்தக் கோடை முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன்.

கால்பந்தின் விதிகளை 1863இல் எழுதிய இங்கிலாந்து, பயிற்சியை வெகுகாலம் மதிக்கவில்லை. ஆட்டம் தானாக வரும், வராதவனுக்குச் சொல்லித்தந்து பயனில்லை என்பது அங்கே பொதுக்கருத்து. பயிற்றுநர்களில் சிறந்தவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். ஜிம்மி ஹோகன் என்ற லங்காஷயர்க்காரர் முதல் உலகப்போர்க் காலத்தில் புடாபெஸ்டில் மாட்டிக்கொண்டு, எம்டிகே கிளப்பின் இளைஞர்களுக்குப் பந்தை நிறுத்தவும் தரையோடு கடத்தவும் கற்றுக்கொடுத்தார். 1953 நவம்பர் 25ஆம் தேதி வெம்ப்ளியில் ஹங்கேரி 6–3 என்று இங்கிலாந்தை வீழ்த்தியபோது, எங்களுக்குக் கற்றுத்தந்தவர் ஹோகன்தான் என்று ஹங்கேரியர்களே சொன்னார்கள். கோச் என்ற வண்டி ஹங்கேரியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. கோச் என்ற மனிதர் திரும்பிப் போனார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் பள்ளி ஆசிரியர் மரபிலிருந்து வந்த வால்டர் விண்டர்பாட்டம் 1946இல் தேசிய அணிக்கும் பயிற்சித் துறைக்கும் சேர்த்தே பொறுப்பேற்றார். பயிற்சி வகுப்பு, சான்றிதழ், கையேடு எல்லாம் அவர் காலத்தில் ஒழுங்காயின. இன்று நான் கழுத்தில் மாட்டியிருக்கும் விசிலுக்கு அவர்தான் ஒரு வகையில் பாட்டனார். ஆனால் என்னைப் போன்ற ஆட்களுக்கு இன்னொரு பாட்டனாரும் உண்டு. சார்ல்ஸ் ரீப். விமானப்படையில் கணக்கு அதிகாரி. 1950 மார்ச் 18ஆம் தேதி ஸ்விண்டன் ஆட்டம் ஒன்றின் இரண்டாம் பாதியில் பொறுமையிழந்து, பையிலிருந்து நோட்டை எடுத்து ஒவ்வொரு பந்துக் கடத்தலையும் குறிக்க ஆரம்பித்தார். பிறகு பல ஆண்டுகள், நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்குக் குறைவான கடத்தல்களில் விழுகின்றன என்று கண்டுபிடித்தார். ஆகவே பந்தை நீளமாக முன்னால் அடி.

தரவோடு பிழைக்கிறவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன். கால்பந்தில் பந்து ஓர் அணியிடம் இருக்கிற நேரங்களில் மிகப் பெரும்பாலானவை மூன்று கடத்தலுக்குள் முடிந்துவிடுகின்றன. கோல்களும் அங்கேதான் அதிகம் விழும். சென்னையில் பெரும்பாலான விபத்துகள் வலதுகைக்காரர்களுக்கே நடக்கின்றன என்று சொல்வதைப் போன்றது இது. ஆனாலும் இந்தக் கணக்கின் சாயல் இங்கிலாந்தின் பயிற்சித் துறைக்குள் சார்ல்ஸ் ஹியூஸ் காலத்தில் வேரூன்றியது. ஆங்கிலேயப் பயிற்சி மரபோடு வளர்ந்த ஊர்களுக்கெல்லாம் பரவியது. நீளமாக அடிக்கிற ஆட்டத்துக்கு எந்தப் பிள்ளை வேண்டும்? உயரமானவன், வேகமானவன், இடித்துத் தள்ளக்கூடியவன். பன்னிரண்டு வயதில் அது யார்? சீக்கிரம் வளர்ந்தவன். பந்தோடு பேசத் தெரிந்த சின்னப்பையன் அங்கே ஓரமாக நிற்பான்.

நியூசிலாந்தின் முதல் உலகக்கோப்பை அணியே அந்த மரபின் பிள்ளை. 1982இல் ஸ்பெயினுக்குப் போன அணியின் பயிற்றுநர் ஜான் ஆட்ஷெட், துணைப் பயிற்றுநர் கெவின் ஃபாலன், இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். அணித்தலைவர் ஸ்டீவ் சம்னர் பிரஸ்டனில் பிறந்தவர். தகுதிச்சுற்றில் பதினைந்து ஆட்டங்கள் ஆடி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஸ்காட்லாந்திடம் 5–2, சோவியத் யூனியனிடம் 3–0, பிரேசிலிடம் 4–0 என்று தோற்றுத் திரும்பினார்கள். ரக்பி நாடு ஒன்று இரவு கண்விழித்துக் கால்பந்து பார்த்தது அப்போதுதான் என்று என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்றும் சொல்வார். ஃபாலன் பின்னாளில் ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட் கிராமர் பள்ளியில் பையன்களைப் பயிற்றுவித்தார். அவருடைய மகன் ரோரி ஃபாலன் 2009 நவம்பரில் பஹ்ரைனுக்கு எதிராகத் தலையால் அடித்த கோல்தான் நியூசிலாந்தை இரண்டாவது முறையாக உலகக்கோப்பைக்குக் கொண்டுபோனது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கையில் என் பி.டி. மாஸ்டர் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தார். கால்பந்து, கபடி, கோகோ, சுதந்திர தின அணிவகுப்பு, காலைப் பிரார்த்தனையில் வரிசை ஒழுங்கு எல்லாம் அவர் ஒருவரே. அணி தேர்ந்தெடுக்கும் நாளில் எங்களை உயர வரிசையில் நிற்கச் சொல்வார். உயரமான முனையிலிருந்து பதினைந்து பேரை எண்ணுவார். தேர்வு முடிந்தது. நான் பதினெட்டாவது ஆள். இரண்டு வருஷம் தொடர்ந்து பதினெட்டாவது ஆள். அவர்மேல் எனக்கு முப்பது வருஷக் கோபம் இருந்தது. ஆக்லாந்து அரையிறுதியில் நான் செய்ததும் அந்த உயர வரிசைதான், பிள்ளைகளை நிற்கவைக்காமல் மனசுக்குள்ளேயே எண்ணிக்கொண்டேன் என்பதைத் தவிர.

உயர வரிசைக்கு எதிர்த்திசையில் போன ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். 1909இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1951 டெல்லி ஆசிய விளையாட்டிலும் 1962 ஜகார்த்தாவிலும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித்தந்த பயிற்றுநர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணியை நான்காம் இடம்வரை கொண்டுபோனவர். ‘மைதான்’ படம் வந்த பிறகு இந்தக் கதை பலருக்கும் தெரியும். படத்தில் பெரிதாக வராத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ரஹீம் ஹைதராபாத்தில் இளையவர்களுக்காக விசித்திரமான போட்டிகளை நடத்தினார். ஒரு போட்டியில் பந்தை உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது, வந்த பந்தை உடனே கடத்த வேண்டும். இன்னொன்றில் பலவீனமான காலால் மட்டுமே ஆடலாம். மற்றொன்றில் ஐந்தடி ஆறு அங்குலத்துக்கு மேல் உயரமானவர்களுக்கு இடமில்லை.

மூன்றாவதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். பி.டி. மாஸ்டர் எண்ண ஆரம்பித்த முனையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தவர் இவர். பையனிடம் ‘நீ வளர்ந்து வா’ என்று சொல்லாமல் ஆட்டத்தின் விதியை மாற்றினார். இடது கால் ஆட்டத்தில் கெட்டிக்காரனும் தடுமாறுவான். உருட்டக்கூடாத ஆட்டத்தில் வேகக்காரன் மற்றவர்களைத் தேடியே ஆக வேண்டும். பயிற்றுநரின் வேலையில் பாதி, மைதானத்துக்குள் யாருக்குப் பந்து கிடைக்கிறது என்பதைத் தீர்மானிப்பது. கத்தியும் அதைச் செய்யலாம். ரஹீம் அதைக் கத்தாமல் செய்தார்.

ரஹீமிடம் ஆடியவர்களில் தஞ்சாவூர் சைமன் சுந்தர்ராஜும் ஒருவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அவர் அடித்த கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல், இன்றுவரை. பிறகு அவர் பயிற்றுநரானார். 1973இல் கேரளம் முதன்முறையாக சந்தோஷ் கோப்பையை வென்றபோது அணிக்குப் பயிற்சி தந்தவர் இந்தத் தமிழர். நம் பக்கத்தில் அவர் பெயரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் சோதித்துப் பார்த்ததில்லை. பயமாக இருக்கிறது.

இனி பிறந்தநாள் விஷயம். 1980களின் தொடக்கத்தில் கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில், ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் குடும்பத்தோடு ஐஸ் ஹாக்கி பார்க்கப் போயிருந்தார். ஆட்ட நிரல் புத்தகத்தைப் புரட்டிய அவருடைய மனைவி பாலா, ஆட்டக்காரர்களில் இத்தனை பேர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்திருக்கிறார்களே என்று கேட்டார். வயதுப் பிரிவின் வெட்டுத் தேதி ஜனவரி 1. ஜனவரிப் பிள்ளையும் டிசம்பர்ப் பிள்ளையும் ஒரே பிரிவு. எட்டு வயதில் பதினொரு மாதம் என்பது பெரிய தூரம். பெரியவனைப் பயிற்றுநர் தேர்ந்தெடுக்கிறார், அவனுக்குக் கூடுதல் பயிற்சி, கூடுதல் ஆட்டம். சில ஆண்டுகளில் அவன் உண்மையாகவே சிறந்தவனாகிவிடுகிறான். 1985இல் வெளியான அந்த ஆய்வை மால்கம் கிளாட்வெல் 2008இல் ஒரு புத்தகத்தின் வழியே உலகறியச் செய்தார். எங்கள் அலுவலகத்தில் எல்லா மேசையிலும் அந்தப் புத்தகம் ஒரு காலத்தில் இருந்தது. நானும் மேற்கோள் காட்டியிருக்கிறேன், வேறு விஷயங்களுக்கு.

பார்ன்ஸ்லி நம் ஊரில் ஆராய்ச்சி செய்திருந்தால் திணறியிருப்பார். என் தலைமுறையில் பாதிப் பேர் பள்ளிச் சான்றிதழின்படி மே, ஜூனில் பிறந்தவர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டுமே என்று தலைமை ஆசிரியர் ஒரு தேதியைப் போடுவார். அதுவே பாஸ்போர்ட் வரை வந்துவிடும். எனக்கே ஜாதகத்தில் ஒரு பிறந்தநாள், ஆக்லாந்து ஓட்டுநர் உரிமத்தில் வேறொன்று. இந்தியாவில் இளையோர் கால்பந்தில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிற நிலைக்கு வந்ததில் இந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு. ஆக்லாந்து ரக்பி இந்தச் சிக்கலுக்குத் தன் வழியில் விடை கண்டிருக்கிறது. சிறுவர்களை வயதோடு எடையையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். கால்பந்தில் வயது மட்டும்தான்.

என் கணினியில் அணியின் பட்டியல் இருந்தது. பிறந்த தேதியும் இருந்தது, ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எத்தனை நிமிடம் என்று நான் குறித்துவைத்ததும் இருந்தது. எல்லாருக்கும் சமமாக நேரம் கொடுக்கிறேன் என்று நிரூபிக்கத்தான் அதை வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு இரவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். சாதாரணச் சனிக்கிழமைகளில் பரவாயில்லை. போட்டிகளில், அதாவது ஜெயிக்க வேண்டும் என்று நான் நினைத்த ஆட்டங்களில், நிமிடங்கள் ஆண்டின் முன்பாதிப் பக்கம் சரிந்திருந்தன. யாழ்ப்பாணப் பையன் டிசம்பர்க் குழந்தை.

நியூசிலாந்து இதை அறியாத நாடில்லை. 2011இல் நியூசிலாந்து கால்பந்துச் சங்கம் கொண்டுவந்த முழுக் கால்பந்துத் திட்டம் சிறுவர் ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றியது. ரஹீம் செய்ததைப் போலத்தான், விதிகளில் கை வைத்தார்கள். முழு மைதானத்தில் பதினொருவராக ஆடிய குழந்தைகளைச் சின்ன மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிறியவர்களுக்கு நான்கு பேர், பிறகு ஏழு, பிறகு ஒன்பது. ஆட்கள் குறையக் குறைய ஒவ்வொரு குழந்தையும் பந்தைத் தொடும் தடவை கூடும். பன்னிரண்டு வயதுவரை புள்ளிப்பட்டியல் வெளியிடுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒரு பிள்ளைக்கு ‘அன்றைய ஆட்டக்காரர்’ சான்றிதழ், மெக்டொனால்ட்ஸ் உபயத்தில். அதை யாருக்குக் கொடுப்பது என்று தாள் போட்டு முறை வைத்துக்கொள்ளாத பயிற்றுநரை நான் சந்தித்ததில்லை. பிள்ளைகளுக்கும் அது தெரியும். ‘கோச், இந்த வாரம் அவனோட முறை’ என்று ஞாபகப்படுத்துவார்கள்.

2019 செப்டம்பரில் இன்னொரு அடி. கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், நெட்பால், ஹாக்கி ஆகிய ஐந்து விளையாட்டுகளின் தேசியச் சங்கங்களும் ஸ்போர்ட் நியூசிலாந்தும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தன. சிறு வயதிலேயே பொறுக்கியெடுத்து, ஒரே விளையாட்டில் பூட்டி, கோப்பைக்காக விரட்டுவதைக் குறைப்போம் என்றன. அந்த ஆண்டே ஆக்லாந்தின் வடக்கே நார்த் ஹார்பர் ரக்பி, சிறுவர் பிரதிநிதி அணிகளைக் கைவிட்டது. வானொலியில் ஒரு வாரம் சண்டை. பஞ்சுமெத்தையில் வளர்க்கிறீர்கள் என்றார் ஒருவர். என் பிள்ளை தோற்கவும் கற்றுக்கொள்ள வேண்டாமா என்றார் மற்றொருவர்.

இந்த யோசனையின் தாய்வீடு நார்வே. 1987லேயே சிறுவர் விளையாட்டுக்கு விதிகள் எழுதிவிட்டார்கள். பதினொரு வயதுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ கூடாது; பதின்மூன்றுக்கு முன் தேசியச் சாம்பியன்ஷிப் கூடாது. இப்படி வளர்த்தால் சோப்பளாங்கிகள்தான் வருவார்கள் என்பவர்களுக்கு நார்வேக்காரர்கள் எர்லிங் ஹாலண்டைக் காட்டுகிறார்கள். ப்ரைன என்ற சிற்றூரில் ஆல்ஃப் இங்வே பெர்ன்ட்சன் என்ற பயிற்றுநர், நாற்பது பிள்ளைகள் அளவிலான ஒரு குழுவை, யாரையும் கழித்துக்கட்டாமல் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வைத்திருந்தார். ஹாலண்ட் ஜூலை மாதப் பிள்ளை. பதின்ம வயதின் நடுப்பகுதி வரை சிறிய உடம்புதான். அந்த வயதில் என் அணியில் இருந்திருந்தால், அரையிறுதியில் அவர் எங்கே நின்றிருப்பார் என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் என் மனம் லேசாகியிருக்கும். ஆனால் பெரம்பூர் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் வியாசர்பாடி இருக்கிறது.

வியாசர்பாடியில் தொண்ணூறுகளின் கடைசியில் உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தர ஆரம்பித்தார்கள். பின்னாளில் பத்திரிகைகள் மினி பிரேசில் என்று எழுதிய இடம். எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். அந்தத் தடையில் என்னென்ன அடங்கியிருந்தது என்று புரிய எனக்கு நெடுநாள் ஆயிற்று. அங்கே பயிற்றுநரின் முதல் கேள்வி ‘பள்ளிக்கூடம் போனியா?’ என்பது. போகாதவனுக்குப் பந்து கிடையாது. முல்லை நகர் மைதானத்தில் ஆடி வளர்ந்த தனபால் கணேஷ் இந்திய அணிவரை போனார், சென்னையின் எஃப்சியோடு 2018இல் ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கினார்.

கடலூர்க் கதை இன்னும் கனமானது. 2004 டிசம்பர் 26 அலைக்குப் பிறகு, பெற்றோரை இழந்த, வீடிழந்த பெண் பிள்ளைகள் பலரை மாரியப்பன் என்ற பயிற்றுநர் மைதானத்துக்கு அழைத்து வந்தார். அவருக்கு அவர்களின் ஆட்டம் மட்டும் பொறுப்பில்லை. சாப்பாடு, படிப்பு, காலணி, ஊருக்கு ஊர் போட்டிக்கு அழைத்துப்போவது, பாவாடை கட்ட வேண்டிய வயதில் கால்சட்டையா என்று கேட்கிற உறவினரிடம் பேசுவது எல்லாமே. 2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு 2–1 என்று மணிப்பூரை வென்று முதன்முறையாகக் கோப்பையை எடுத்தபோது, அந்த அணியில் கடலூர்ப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கில் சென்னைச் சாலையில் பணியில் நின்றார்.

அந்தப் பெண்களிடம் போய்ப் புள்ளிப்பட்டியல் வேண்டாம், கோப்பை முக்கியமில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? அங்கே மாநில அளவில் ஆடிய சான்றிதழ் ஒரு கல்லூரி இடம். தேசிய அளவு என்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை. ஜெயிப்பது மாதச் சம்பளம். சமநிலை என்பது, தோற்றாலும் இரவுச் சாப்பாடு இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதிய சட்டம் என்று ஒருவர் சொன்னால் என்னால் எளிதில் மறுக்க முடியாது. ஆனாலும் நான் கவனித்த ஒன்று உண்டு. மாரியப்பனும் வியாசர்பாடிக்காரர்களும் ஜெயிக்க விரும்பினார்கள், கடுமையாகவே பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் ஒரு பிள்ளை வராமல் போனால் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

எங்கள் நிலைமை அதுவுமில்லை. ஆக்லாந்துத் தமிழ், இந்தியப் பெற்றோரிடம் வேறொரு பசி இருக்கிறது. இங்கே பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த சர்ப்ரீத் சிங் 2019 டிசம்பரில் பயர்ன் மியூனிக்குக்காக ஜெர்மனியின் முதல் பிரிவில் இறங்கினார். அதன் பிறகு மவுண்ட் ராஸ்கில், சாண்ட்ரிங்கம் பக்கத்து வாட்ஸாப் குழுக்களில் கணித டியூஷன் விளம்பரங்களோடு கால்பந்து அகாடமி விளம்பரங்களும் வர ஆரம்பித்தன. வாரம் மூன்று மாலை, பருவத்துக்கு இத்தனை டாலர், ஐரோப்பியப் பயணம் தனி. ஓர் அகாடமியில் என் மகனை எட்டு வயதிலேயே ‘எலீட்’ என்றார்கள். பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது, அங்கே எல்லாருமே எலீட். ஐஐடி கோச்சிங்கிலிருந்து தப்பித்துக் கடல் கடந்து வந்தவர்கள் நாங்கள். கோச்சிங் எங்களைத் தேடி வந்துவிட்டது, இம்முறை பந்தோடு.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாண்ட்ரிங்கம் மளிகைக் கடையில் அந்தப் பையனின் அம்மாவைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“தம்பி எப்படி இருக்கான்?”

“சுகமா இருக்கிறான் அண்ணா. இப்ப மிருதங்கம் பழகப் போறான். உதைபந்தாட்டம் காணும் எண்டுட்டான்.”

அவர் முகத்தில் வருத்தம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று இரவு அவர் கணவருக்குத் தொலைபேசினேன். அரையிறுதியில் நான் செய்தது தவறு என்றேன். “அதுக்கென்ன அண்ணை, விடுங்கோ. வெல்லத்தானே போனனாங்கள்” என்றார். பையனிடம் பேசலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் வந்தான். நான் சொல்வதையெல்லாம் கேட்டான். பிறகு அவன் கேட்டது ஒன்றுதான். தயாராக இரு என்று சொன்னீர்களே, நான் தயாராகத்தானே இருந்தேன், அங்கிள்.

ஐந்து ஆண்டுகளில் அவன் என்னை அங்கிள் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது செவ்வாய்க்கிழமை மாலைகளில், பூங்காவில், கிளப்போடு சம்பந்தமில்லாமல் ஓர் ஆட்டம் நடத்துகிறேன். ரஹீமின் விதிகள். முதல் இருபது நிமிடம் பலவீனமான கால் மட்டும். அடுத்த இருபது நிமிடம் உருட்டக்கூடாது. தெருப் பிள்ளைகள், அணிப் பிள்ளைகள், அவர்களின் தம்பி தங்கைகள் யார் வேண்டுமானாலும் வரலாம். என் மகனுக்கு இடது காலால் பந்தை நேராக அடிக்க வரவில்லை, அவனுக்குக் கோபமான கோபம். சென்ற வாரம் யாழ்ப்பாணப் பையன் தங்கையை விட்டுப்போக வந்தான். மிருதங்க வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா காரிலேயே இருந்தார். பையன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பந்து அவன் பக்கம் உருண்டது. இடது காலால் நிறுத்தி, அதே காலால் என்னிடம் அனுப்பினான்.

பதிவு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.